அவசர சேவைப் படகு

போட் வாடகைக்குக் கிடைக்குமோ எண்டு அந்தப் பெடியங்களிட்டக் கேட்டனீங்கள் என்ன? எனக்கும் கேட்டது. இல்லை எண்டு சொல்லியிருப்பாங்கள். இருக்கு தம்பி. தீவில ஒரு சொகுசு போட் இருக்கு. என்ர போட். கூரை போட்டது, வெள்ளை மெத்தை போட்டது, நாப்பது குதிரை எஞ்சின். பத்துப் பேர் தாராளமா இருந்து போகலாம். இப்ப என்ர வளவுக்குள்ள படங்கால மூடிக் கிடக்கு. ஓட்ட ஆள் இல்லை. தீவில போட் ஓடத் தெரிஞ்சவன் நூறு பேர் இருப்பாங்கள். என்ர போட்டுக்கு ஒருத்தனும் வாறானில்லை.

இருங்கோ. நிழலுக்குள்ள வாங்கோ. தீவுக்குப் போற லோஞ்சு வர இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. நீங்கள் புது ஆள். அங்கால போய் ஆரிட்டக் கேட்டாலும் என்னைப் பற்றி ஒரு கதை சொல்லுவினம். அதுக்கு முதல் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுறன். பிறகு ஆரில பிழை எண்டு நீங்களே சொல்லுங்கோ.

என்னை இஞ்ச டென்மார்க்கர் எண்டுதான் சொல்லுவினம். முப்பத்தொரு வருசம் அங்க இருந்தனான். இறைச்சி வெட்டுற பக்டரி. குளிர் அறைக்குள்ள நிண்டு நிண்டு இந்த ரெண்டு விரலும் இப்பவும் மடியாது, பாருங்கோ. அங்க ஞாயிற்றுக்கிழமை எண்டால் வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தனும் ஒரு போட்டை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போவான். மீன் பிடிக்க இல்லை தம்பி. சும்மா. சும்மா போறதுக்கு ஒரு போட்! முப்பத்தொரு வருசம் கரையில நிண்டு அதைப் பாத்தனான். ஊருக்குப் போனால் நானும் ஒண்டு வாங்கிறது எண்டு அப்பவே முடிவெடுத்திட்டன். வாங்கினன். அது குற்றமே?

வாங்கி ஒரு வருசம் ஆகேல்லை, பெற்றோல் தட்டுப்பாடு வந்திட்டுது. உங்களுக்குத் தெரியும்தானே அந்த வருசம். பெற்றோல் அடிக்கிற செற்றில மூண்டு நாள், நாலு நாள் லைன். லைனிலயே சமைச்சுச் சாப்பிட்டவை. மண்ணெண்ணெய் கண்ணிலயும் இல்லை. தீவு முழுக்க வள்ளங்கள் கரையில ஏத்திக் கிடந்தது. இந்த லோஞ்சுகூட டீசல் இல்லாமல் கிழமைக்கு ரெண்டு நாள்தான், செவ்வாயும் வெள்ளியும். வருத்தக்காரரைக் கொண்டுபோக அரசாங்க போட் ஒண்டு இருந்தது. அது எஞ்சின் பழுதாகித் திருத்தக் குடுத்தபடி.

அந்த நேரத்தில மூளை வேணும் தம்பி. நான் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினன். என்ர போட்டைத் தீவுச் சனத்தின்ர அவசரத் தேவைக்கு இலவசமா விடுறன், எரிபொருள் மட்டும் ஒதுக்கித் தாருங்கோ எண்டு. ஊர்ப் பெரியவை எல்லாரும் கையெழுத்து வைச்சவை. சில பேர் கண் கலங்கினவை. கிழமைக்கு நாப்பது லீற்றர் பெமிட் கிடைச்சுது. போட்டின்ர ரெண்டு பக்கமும் சிவப்பு எழுத்தில 'அவசர சேவை' எண்டு அடிச்சனான். நல்ல பெயின்ற். இண்டைக்கும் மங்கேல்லை.

பொய்க் கடிதம் எண்டு பிறகு சொன்னவை. ஒருக்கா ஏத்தினனான் தம்பி! பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தருக்கு நீர்க்கடுப்பு, கல் அடைச்சுப்போட்டுது. நானே கையைப் பிடிச்சு ஏத்திக்கொண்டு வந்து இந்தத் துறையில இறக்கினனான். போட்டோ இருக்கு. ஆனா ஒவ்வொரு கிழமையும் ஒருத்தருக்குக் கல் அடைக்குமே? அடைக்காது. பெற்றோலை வீட்டில சேத்து வைக்கிறதும் ஆபத்து. அதால மிச்சத்தில நாங்கள் ஒரு சுத்துச் சுத்தி வருவம். நடுக்கடல்ல ஒரு மணல் திட்டி இருக்கு, வத்தின நேரம் வெள்ளையா மேல வரும். அங்க போய் இருந்து சாப்பிட்டிட்டு வாறது. அவ்வளவுதான். தீவுச் சனம் கரையில நிண்டு பாக்கும். பாக்கட்டுமன். கண்ணுக்கும் ஒரு ஆறுதல் வேணும்தானே.

போட் ஓட்டினவன் அமலதாஸ். நல்ல பெடியன், அதை நான் இல்லை எண்டு சொல்லமாட்டன். முப்பது வயசு வரும். கடல்காரன். மண்ணெண்ணெய் இல்லாமல் தொழிலுக்குப் போக வழியில்லாமல் நிண்டவனை நான்தான் கூப்பிட்டு வேலை குடுத்தனான். பெஞ்சாதி ஜெனிற்றா. கலியாணம் செய்து ஆறு வருசம் பிள்ளை இல்லை, அந்த வருசம்தான் வயித்தில வந்தது. என்ர மனிசி தவமணி அவளுக்கு எங்கட வீட்டில இருந்து முட்டை குடுத்து விடுவா. இதையெல்லாம் ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

ஆகஸ்ட் மாதம் என்ர மகன் கோகுலன் கனடாவில இருந்து குடும்பமா வந்தவன். மனிசியும் ரெண்டு பிள்ளையளும். பெட்டைக்கு ஒன்பது வயசு, பெடியனுக்கு ஏழு. பதினெட்டு நாள் நிண்டவை. அந்தக் கடைசிக் கிழமைப் பெற்றோலுக்கு அமலதாஸ்தான் இந்தக் கரைக்கு வந்து லைனில நிண்டவன். சனி, ஞாயிறு, திங்கள். மூண்டு நாள். பெமிட் என்ர பேரில, ஆனா எனக்குப் பிறசர் இருக்கு, நான் வெயில்ல நிக்க ஏலுமே? செவ்வாய்க்கிழமை லோஞ்சில ரெண்டு கானோட வந்து இறங்கினான். கண் ரெண்டும் கோவைப்பழம். "போய்ப் படு, நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வந்தால் காணும்" எண்டு அனுப்பினனான். நான் ஈவிரக்கம் இல்லாத ஆள் இல்லை.

புதன்கிழமை ஆறரைக்கே வந்திட்டான். சேட்டும் இல்லை, செருப்பும் இல்லை. கேற்றைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்.

"ஐயா, ஜெனிற்றாவுக்குக் குத்துத் தொடங்கிட்டுது. மருத்துவிச்சி வந்து பாத்தவ. பிள்ளை குறுக்கால கிடக்காம். உடன பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டாம். போட்டை ஒருக்கா எடுக்கட்டே ஐயா?"

நான் பதட்டப்படேல்லை. ஒருத்தர் பதட்டப்படேக்க மற்றவர் நிதானமா இருக்கவேணும். "எத்தினை மணிக்குத் தொடங்கினது?" எண்டு கேட்டன்.

"விடிய நாலு மணிக்கு."

"தலைப்பிள்ளைதானே?"

"ஓம் ஐயா."

"கோகுலன் பிறக்கேக்க தவமணி ஒண்டரை நாள் கிடந்தவ. தலைப்பிள்ளை உப்பிடித்தான் இழுத்தடிக்கும். நாங்கள் திட்டிக்குப் போட்டு மத்தியானம் வந்திடுவம். வந்த உடன இதே போட்டில கொண்டுபோ. நான் வேண்டாம் எண்டே சொல்லுறன்?"

பாத்தீங்களே தம்பி? நான் இல்லை எண்டு சொல்லேல்லை. இந்த வாயால இல்லை எண்ட சொல்லு வரேல்லை. ஆனா தீவில கேட்டுப் பாருங்கோ, டென்மார்க்கர் மறுத்துப்போட்டார் எண்டுதான் சொல்லுவினம்.

அவன் விடுறானில்லை. "ஒரு மணித்தியாலம் ஐயா. இறக்கிப்போட்டு ஓடி வந்திடுவன். பிள்ளையள் வெளிக்கிட முதல் வந்திடுவன். பெற்றோல் ரெண்டுக்கும் காணும் ஐயா, நான்தானே கொண்டந்தனான்."

காணும்தான். துறைக்குப் போய் வர ஒரு பதினெட்டு, திட்டிக்குப் போய் வர ஒரு இருபது. காணும். ஆனா கையில மிச்சம் ஒண்டும் இல்லாமல் பேரப்பிள்ளையளைக் கடலுக்குக் கொண்டுபோகலாமே? நீங்கள் கொண்டுபோவீங்களே? பத்து மணிக்குப் பிறகு திட்டியில தண்ணியும் ஏறத் தொடங்கிடும். வெள்ளிக்கிழமை அதுகளுக்குப் பயணம். வியாழன் பெட்டி அடுக்கவேணும். அதுகளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

தவமணி குசினிக்குள்ள மட்டன் றோல்ஸ் பொரிச்சுக்கொண்டு நிண்டவ. அங்கயிருந்து, "குடுத்து விடுங்கோவன்" எண்டா. நான் திரும்பிப் பாத்தன். அவ அடுப்புப் பக்கம் திரும்பிட்டா. கோகுலனும் வந்து, "அப்பா, நாங்கள் நாளைக்குப் போவம்" எண்டான். இவங்கள் வெளிநாட்டில இருக்கிறவங்கள், ஆர் வந்து கேட்டாலும் மனம் இளகிவிடும். நாளைக்குக் காத்து எப்பிடி இருக்குமோ ஆருக்குத் தெரியும்? நான் அமலதாசிட்ட விளக்கமாச் சொன்னன். "நீ வந்து ஓட்டினால்தான் கெதியாப் போட்டுக் கெதியா வரலாம். நீ வீட்டில நிண்டு என்ன செய்யப்போறாய்? பிள்ளையை நீயே பெறப்போறாய்?"

கேற்றில இருந்து கையை எடுத்தான். பிறகு வந்து கானைத் தூக்கினான். அவன்தான் வந்தவன் தம்பி. நான் கயிறு கட்டி இழுக்கேல்லை.

தவமணி தலையிடி எண்டு நிண்டிட்டா. நான், மகன், மருமகள், ரெண்டு பிள்ளையள். அமலதாசோட ஆறு பேர். அவன் ஓட்டின ஓட்டம்! அப்பிடி ஒரு நாளும் ஓட்டினதில்லை. போட் தண்ணியில முட்டாமல் பறக்குது. பிள்ளையள் ரெண்டும் குதிச்சுச் சிரிக்குதுகள். "மெதுவா விடு, மெத்தை நனையுது" எண்டு நான் ரெண்டு தரம் சொன்னன். அவன் காதில விழுந்ததோ தெரியாது.

ஒரு கால் மணித்தியாலம் போயிருக்கும். வலப்பக்கம் தூரத்தில ஒரு வள்ளம். ரெண்டு பேர் துடுப்பு வலிக்கிறாங்கள். நடுவில ஒரு கறுப்புக் குடை. அமலதாஸ் கையை எடுத்திட்டான். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிக்குது.

"ஐயா," எண்டான். "அது றெஜியின்ர வள்ளம்."

றெஜி எண்டுறது ஜெனிற்றாவின்ர தமையன். மத்தியானம் மட்டும் பொறுக்க ஏலாமல் தங்கச்சியை வள்ளத்தில கிடத்திக்கொண்டு எங்களுக்கு முதலே துடுப்புப் போட வெளிக்கிட்டிட்டான். பொறுமை இல்லாத ஆக்கள். சோழகம் எதிர்க்காத்து. அவங்கள் ஒரு முழம் போனால் காத்து அரை முழம் பின்னால தள்ளுது. ஆனா கடல்ல பிறந்து வளந்தவங்களுக்கு உது பெரிய வேலையே?

"ஏத்திக்கொண்டு போவம் ஐயா," எண்டான்.

"இதில எங்க இடம்? ஆறு பேர் இருக்கிறம்."

"பத்துப் பேர் ஏறலாம் ஐயா."

இப்ப அந்த வள்ளம் கிட்ட வந்திட்டுது. சத்தம் கேக்குது. பொம்பிளை கத்துற சத்தம் இல்லை, மாடு முக்கிற மாதிரி ஒரு சத்தம். மருமகள் அங்கால முகத்தைத் திருப்பிட்டா. சின்னவன் கேக்கிறான், "அப்பப்பா, அந்த அன்ரி ஏன் படுத்திருக்கிறா?" குடைக்குக் கீழ சீலையெல்லாம் ரத்தம். நான் என்ன மறுமொழி சொல்ல? ஒன்பது வயசுப் பிள்ளைக்கும் ஏழு வயசுப் பிள்ளைக்கும் காட்டுற காட்சியே அது? அதுகள் பிறகு நித்திரை கொள்ளுமே? மெத்தையும் வெள்ளை மெத்தை.

நான் ஒரு வழி சொன்னன். நியாயமான வழி. "திட்டி அந்தாத் தெரியுது. பத்து நிமிசம். எங்களை இறக்கிப்போட்டு நீ தனியப் போட்டைக் கொண்டுவந்து ஏத்திக்கொண்டு போ. பிறகு ஆறுதலா வந்து எங்களை எடு."

இதில என்ன பிழை? நீங்கள் படிச்ச ஆள், சொல்லுங்கோ. பத்து நிமிசம்.  அவன் என்னைப் பாக்கேல்லை. அந்தக் குடையைப் பாத்தான். பிறகு குதிச்சிட்டான்.

ஓம் தம்பி. குதிச்சிட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கு, நடுக்கடல், சின்னப் பிள்ளையள் இருக்குதுகள், ஓட்டுறவன் கடலுக்குள்ள குதிச்சுப் போறான்! டென்மார்க்கில எண்டால் பொலிஸ் பிடிச்சு மறியல்ல போடுவாங்கள். நீந்திப் போய் வள்ளத்தைப் பிடிச்சு ஏறினான். ஏறின உடன துடுப்பைப் பறிச்சு வலிக்கத் தொடங்கினான். திரும்பி எங்களை ஒருக்கால் பாத்தானே? இல்லை. நாங்கள் இருக்கிறமோ கடலுக்குள்ள தாண்டுபோனமோ எண்டு ஒரு கவலை இல்லை.

பெட்டை அழத் தொடங்கிட்டாள். மகன் வந்து சுக்கானைப் பிடிச்சான். "அப்பா, நான் ஓட்டுறன். அவையை ஏத்துவம்" எண்டு சொல்லுறான். அவனுக்கு ஓடத் தெரியாது தம்பி. கனடாவில ஏரியில ஒருக்கா ஓடினவனாம். "நீ போய் வள்ளத்தோட இடிச்சால் அவை எல்லாரும் கடலுக்குள்ள போயிடுவினம்" எண்டனான். அவையின்ர நன்மைக்குத்தான் சொன்னனான். அவன் ரெண்டு தரம் அந்தப் பக்கம் திருப்பினான். ரெண்டு தரமும் நான் கையைப் பிடிச்சுத் திட்டிப் பக்கம் திருப்பினன். பிறகு நேர திட்டிக்கு விட்டான்.

திட்டியில இறங்கினம். நல்ல வெயில், நல்ல தண்ணி, கண்ணாடி மாதிரி. பிள்ளையள் கொஞ்ச நேரத்தில அழுகையை மறந்திட்டுதுகள். குழந்தையள்தானே. மணல்ல கோட்டை கட்டிச்சுதுகள். நான் றோல்ஸைப் பிரிச்சுக் குடுத்தன். மகன் தொடேல்லை. மருமகளும் தொடேல்லை. "ஒண்டாவது சாப்பிடுங்கோவன், அம்மா விடியப்புறம் எழும்பிப் பொரிச்சது" எண்டு நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தன். வெறுப்பில நானே அஞ்சு சாப்பிட்டன். வரேக்க மகன் வழி தெரியாமல் சுத்தினதில பெற்றோல் ஒன்பது லீற்றர் கூடச் செலவு. இல்லாட்டி நல்லா மிஞ்சியிருக்கும்.

ரெண்டு மணிக்குக் கரைக்கு வந்தம். கரையில சனம். ஒருத்தரும் கயிறு பிடிக்க வரேல்லை. தவமணிதான் தண்ணிக்குள்ள இறங்கி வந்து பிள்ளையளைத் தூக்கினவ. அவதான் சொன்னவ. இந்தத் துறை கண்ணுக்குத் தெரியிற தூரத்திலயே முடிஞ்சுதாம். பிள்ளை வெளியில வரவே இல்லையாம். தாயும் பிள்ளையும் ஒண்டாப் போச்சு.

எனக்குக் கவலை இல்லை எண்டு நினைக்காதேங்கோ. அண்டைக்கு நான் பின்னேரத் தேத்தண்ணி குடிக்கேல்லை. ஆனா யோசிச்சுப் பாருங்கோ, குறுக்கால கிடந்த பிள்ளை. என்ர போட்டில ஏத்தியிருந்தால் பிழைச்சிருக்கும் எண்டு ஆர் சொல்லுறது? ஆஸ்பத்திரிக்குப் போயும் சாகிறவை எத்தினை பேர்? மருத்துவிச்சி மட்டும், ஒன்பது மணிக்கு முதல் போயிருந்தால் ரெண்டு உயிரும் தப்பியிருக்கும் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சவ. அவவுக்கு என்னில முந்தியே ஒரு கோவம் இருந்தது.

நான் என்ன செய்தனான் தெரியுமே? இதைத்தான் ஒருத்தரும் சொல்லமாட்டினம். போட்டில மிஞ்சிக் கிடந்த பெற்றோல், பதினொரு லீற்றர், அதை ஒரு கானில வடிச்சு நானே தூக்கிக்கொண்டு றெஜியின்ர வீட்டுக்குப் போனனான். இந்தப் பிறசர் உடம்போட. இந்தக் கரையில இருந்து பிரேதத்தைத் தீவுக்குக் கொண்டுவரவேணும்தானே. "போட்டும் தாறன், பெற்றோலும் தாறன், எடுத்துக்கொண்டு போங்கோ" எண்டன். பதினொரு லீற்றர் தம்பி! அந்த நேரம் பதினொரு லீற்றருக்குச் சனம் வெட்டுப்பட்டது. நான் சும்மா குடுத்தனான். முத்தத்தில பத்துப் பதினைஞ்சு பேர் இருந்தவை. ஒருத்தரும் எழும்பேல்லை. ஒருத்தரும் ஏசவும் இல்லை. ஏசினால்கூட நான் ரெண்டு சொல்லுச் சொல்லியிருப்பன். படலையடியில கானை வைச்சிட்டு வந்திட்டன்.

வியாழன் விடிய எழும்பிப் பாக்கிறன், கான் என்ர கேற்றடியில இருக்கு. மூடி திறக்கேல்லை. சவப்பெட்டியை வள்ளத்தில வைச்சுத் துடுப்புப் போட்டே கொண்டுவந்திருக்கிறாங்கள். எட்டு வள்ளம் போனதாம். ஒரு பொம்பிளையைக் கொண்டுவர எட்டு வள்ளம். எவ்வளவு வீம்பு பாருங்கோ. சோகத்திலயும் வீம்பு.

மகன் வெள்ளிக்கிழமை லோஞ்சில போனவன். போகேக்க என்ர காலைத் தொட்டுக் கும்பிட்டவன், ஆனா முகத்தைப் பாக்கேல்லை. இப்ப போன் எடுத்தால் தாயோடதான் கதைக்கிறான். "அப்பாட்டக் குடுக்கட்டே?" எண்டு தவமணி கேட்டால் அங்கால வேலை இருக்காம். தவமணி மட்டும் என்ன? சமைக்கிறா, போடுறா, கதை இல்லை. பெமிட்டையும் ஆரோ மொட்டைக் கடிதம் போட்டு நிப்பாட்டிப்போட்டினம். அமலதாஸ் மன்னார்ப் பக்கம் போயிட்டான் எண்டு கேள்வி. போகேக்க எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வேலை குடுத்த ஆள் நான்.

ஆனா எனக்கு மனசில நிக்கிறது அதொண்டும் இல்லை தம்பி. வியாழக்கிழமைதான்.

அந்தக் கானை என்ன செய்யிறது, சொல்லுங்கோ? ஊத்தவோ? நாடு முழுக்கத் தட்டுப்பாடு, வீணாக்கக் கூடாது. பிள்ளையளும் முதல் நாள் சரியா விளையாடேல்லை எண்டு ஒரே சிணுங்கல். மகன் வரமாட்டன் எண்டு அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திட்டான். மருமகள் பெட்டி அடுக்கிறா. ஆழமில்லாத இடத்தில ஓட்டிற அளவுக்கு எனக்கும் தெரியும், நானே ஓட்டினன். திட்டி தூரம், அங்க போகேல்லை. ரெண்டையும் ஏத்திக்கொண்டு கரையோரமா மெதுவா ஒரு சுத்து. சவம் அடக்கிற சேமக்காலையும் கரையோரம்தான். நாங்கள் அதுக்கு நேர வரேக்க பெட்டியைக் குழிக்குள்ள இறக்கிக்கொண்டு நிக்கினம். தீவே அங்கதான் நிண்டது. எனக்கும் மனிசத்தன்மை இருக்கு, எஞ்சினைக் குறைச்சு, பாட்டையும் நிப்பாட்டினன். எஞ்சின் சத்தத்துக்கு எல்லாரும் திரும்பிப் பாத்தவை. பிள்ளையள் ரெண்டும் மெத்தையில ஏறி நிண்டு கை காட்டிச்சுதுகள். நல்ல பழக்கம் படிச்ச பிள்ளையள், ஆரைக் கண்டாலும் கை காட்டுங்கள். அவ்வளவு சனத்தில ஒருத்தர், ஒரே ஒருத்தராவது திருப்பிக் காட்டேல்லை. என்னில கோவம் இருக்கட்டும். அந்தக் குழந்தையள் அவைக்கு என்ன செய்ததுகள், சொல்லுங்கோ?